ஈராயிரம் ஆண்டுப் பெருமையில் காணாமற்போன பெயர்கள்

அரங்கேற்ற அழைப்பிதழ்களிலும், சபா மேடை அறிமுகங்களிலும், வெளிநாட்டு விருந்தினருக்கு நாம் தரும் விளக்கங்களிலும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறது. பரதநாட்டியம் ஈராயிரம் ஆண்டுகளாக அறுபடாமல் வந்த கலை. கோயிலில் பிறந்தது, தெய்வத்துக்கு உரியது. இடையில் தேவதாசிகள் கையில் சீரழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படித்த பெரியவர்கள் சிலர் அதை மீட்டு, தூய்மைப்படுத்தி, குடும்பப் பெண்களும் ஆடத்தக்கதாக்கித் தந்தார்கள். ஆகவே அது நம் பண்பாட்டின் முகம். அதை மாசுபடாமல் காப்பது நம் கடமை.

இந்தக் கதையை முழுவதுமாக மறுக்கிறேன். ஏதோ ஒரு நடனத்தின் வயதைப் பற்றிய தகராறாக மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. பண்பாடு என்றாலே பழையது, ஒன்றேயானது, கலப்பில்லாதது, ஒரு சாராருக்குச் சொந்தமானது, காவல் காக்கப்பட வேண்டியது என்று நாம் கேள்வி கேட்காமல் நம்பிவருகிறோம். அந்த நம்பிக்கைகள் அத்தனையும் பரதநாட்டியக் கதையில் ஒன்றுகூடி நிற்கின்றன. இங்கே அவை நிற்கவில்லையென்றால் வேறெங்கும் நிற்பது கடினம்.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவைச் சொல்லிவிட வேண்டும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியின் ஆடலையும், அவள் ஏறிய அரங்கின் அளவுகளையும், ஆடலாசான் தொடங்கி யாழாசிரியன் வரை ஒவ்வொருவருக்கும் இருக்கவேண்டிய தகுதிகளையும் நுணுக்கமாகப் பேசுகிறது. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியதற்குக் கல்வெட்டு இருக்கிறது. சிதம்பரம் கோபுரங்களில் கரணங்கள் எனப்படும் 108 ஆடல் நிலைகளும் சிற்பங்களாக நிற்கின்றன. அடிமைப்பட்ட ஒரு நாடு, தன்னை இழிவாகப் பேசிய ஆட்சியாளர் முன்னால் ‘எங்களுக்கும் நெடிய கலை வரலாறு உண்டு’ என்று நிமிர்ந்து சொல்வதற்கு இவற்றை எடுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. சான்றுகளை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து இறக்கப்பட்ட முடிவுகளையே மறுக்கிறேன்.

1. பழைய நூலில் ஆடல் இருப்பதால் இன்றைய ஆடல் பழையதாகிவிடாது

மாதவி ஆடினாள் என்பது உண்மை. அவள் ஆடியது அலாரிப்பும் வர்ணமும் தில்லானாவும் என்று யாரால் சொல்ல முடியும்? இன்று நாம் மார்க்கம் என்று அழைக்கும் வரிசை, அலாரிப்பில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் வழியாகத் தில்லானாவில் முடியும் அந்த ஒழுங்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்றது. அதற்கு வடிவம் தந்தவர்கள் என்று நடன உலகமே ஒப்புக்கொள்வது தஞ்சை நால்வரை: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. தஞ்சை மராட்டிய மன்னர்களின் அவையில் வளர்ந்த நட்டுவனார் குடும்பம் அது. ஒரு கச்சேரியின் முதுகெலும்புக்கு இருநூறு வயதுதான்.

நாட்டிய சாஸ்திரம் இருக்கிறதே என்பார்கள். ஒடிசியும் அதையே மூலம் என்கிறது; குச்சிப்புடியும் அதையே சொல்கிறது; கதக்கும் அதையே காட்டுகிறது. ஒன்றுக்கொன்று இத்தனை வேறுபட்ட ஆடல்களுக்கெல்லாம் மூலமாகக் காட்டத்தக்க ஒரு வடமொழி நாடக இலக்கண நூல், அவற்றில் எந்த ஒன்றின் தனி வயதையும் நிறுவ உதவாது.

சிதம்பரத்துக் கரணங்களும் இதையே சொல்கின்றன. நடனக் கலைஞர் பத்மா சுப்ரமண்யம் அந்தக் கரணங்களை ஆய்ந்து, அவற்றின் அசைவுகளை மீட்டுருவாக்குவதற்குப் பல ஆண்டுகள் உழைத்தார். போற்றத்தக்க உழைப்பு. ஆனால் அறுபடாமல் வந்த ஒன்றை எதற்காக மீட்டுருவாக்க வேண்டும்? கல்லில் இருந்ததும் நட்டுவனார் வீட்டுத் திண்ணையில் தட்டுக்கழி தட்டிச் சொல்லிக்கொடுக்கப்பட்டதும் ஒன்றல்ல என்பதை அந்த உழைப்பே காட்டிவிடுகிறது.

2. அரண்மனையை அழித்துவிட்டுக் கோயிலை மட்டும் வைத்துக்கொள்வது வரலாறாகாது

‘கோயில் கலை’ என்று சொல்லும்போது பாதியைச் சொல்கிறோம், பாதியை விழுங்குகிறோம். அன்று சதிர் என்று அழைக்கப்பட்ட இந்த ஆடல் கோயிலில் ஆடப்பட்டது. அதே சதிர் அரண்மனையிலும், ஜமீன்தார் மாளிகையிலும், செல்வர் வீட்டுத் திருமணங்களிலும் ஆடப்பட்டது. மன்னர்களையும் புரவலர்களையும் பாட்டுடைத் தலைவர்களாகக் கொண்ட உருப்படிகள் ஏராளம். பழைய சப்தங்கள் சலாம் சொல்லி முடிவது அவைக்கு முன்னால் ஆடியதன் தடயம். பின்னாளில் அந்தச் சலாமைச் சில இடங்களில் நமஸ்காரமாக மாற்றிப் பாடினார்கள். ஒரு சொல்லை நீக்கினால் ஒரு நூற்றாண்டையே நீக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அது.

க்ஷேத்ரய்யரின் பதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் நாயகன் கண்ணன். ஆனால் பேசுகிறவள் காதலும் ஊடலும் தெரிந்த, தன் விருப்பத்தைத் தானே சொல்லத் துணிந்த பெண். அந்தப் பெண்ணைப் பக்தையாக மட்டும் காட்டி மற்றதை மறைக்கும்போது கலையின் பாதி உயிர் போய்விடுகிறது. பாலசரஸ்வதி தம் வாழ்நாள் முழுவதும் வாதாடியது இதற்காகத்தான். சிருங்காரத்தை வெளியிலிருந்து வந்து யாரும் தூய்மைப்படுத்தத் தேவையில்லை, அதன் உள்ளேயே பக்தி இருக்கிறது என்பது அவருடைய நிலைப்பாடு. வீணை தனம்மாளின் பேத்தி அவர். தஞ்சை நால்வர் வழியில் வந்த கந்தப்பப் பிள்ளையின் மாணவி. மரபின் பெயரால் பேசுவதற்கு அவரைவிட உரிமையுள்ளவர் யார்? மரபைக் காப்பதாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் அவர் சொன்னதைக் காதில் வாங்கினார்கள்?

3. கலப்பில்லாத கலை என்று காட்டப்படுவது கலப்பினாலேயே ஆனது

தூய்மை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். தஞ்சையை ஆண்டவர்கள் மராட்டியர்கள். அவர்கள் அவையில் தெலுங்கு, வடமொழி, தமிழ், மராத்தி நான்கும் புழங்கின. மேடையில் இன்றும் ஒலிக்கும் பதங்களில் பெரும்பங்கு தெலுங்கு. அந்த அளவு மிகுந்துபோனதால்தான் 1940களில் தமிழிசை இயக்கமே எழுந்தது. 1943இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார்.

வயலின் ஐரோப்பியக் கருவி. அதை நம் இசைக்குப் பழக்கியவர்களில் முன்னோடிகள் பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும். வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். மேற்கத்தியக் கிளாரினெட்டைச் சதிருக்கு வாசித்த சின்ன மேளக்காரர்கள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். பாலசரஸ்வதியின் குழுவிலும் அது இருந்தது. இவர்களை யாராவது பண்பாட்டைக் கெடுத்தவர்கள் என்கிறார்களா? நல்லது எங்கிருந்து வந்தாலும் அதைத் தங்கள் காதுக்கு ஏற்பப் பழக்கிக்கொண்டார்கள். அந்தத் துணிச்சல்தான் அவர்களுடைய மரபு.

மிருதங்கத்தையும் பாருங்கள். மாடு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல் இல்லாமல் அந்த நாதம் இல்லை. தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் பிடித்து, நாதம் கூட்டித் தருகிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய வரலாற்றைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் நூலாக எழுதியபோது, அதைச் சென்னையின் நடனப் பள்ளியான கலாக்ஷேத்ராவின் வளாகத்தில் வெளியிடுவதற்கு முதலில் தரப்பட்டிருந்த அனுமதி திரும்பப் பெறப்பட்டது. தூய்மை பேசும் பண்பாடு தன் ஒலியைச் செய்து தந்தவர்களுக்கு ஒரு மாலை நேரம்கூட ஒதுக்க மறுத்தது. தூய்மை என்ற சொல் நடைமுறையில் யாரை வெளியே நிறுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

4. சீரழித்தவர்கள் என்று சொல்லப்படுகிறவர்களே காத்தவர்கள்

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது கொடுமை. அதை ஒழிக்கப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும், அந்தக் கொடுமையை உள்ளிருந்து அறிந்து 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் நம் வணக்கத்துக்கு உரியவர்கள். அந்த வழக்கத்தைத் தடை செய்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமானது. அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் ஒரு கொடிய ஏற்பாட்டை ஒழிப்பது வேறு. அந்த ஏற்பாட்டில் சிக்கியிருந்த பெண்களையே கலையின் நோயாக எண்ணுவது வேறு. இந்தக் கலை அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது யார் கையால்? அந்தப் பெண்களும் அவர்கள் வீட்டு நட்டுவனார்களும் அடவையும் அபிநயத்தையும் உடலிலேயே வைத்திருந்தார்கள். அவர்கள் படித்தவர்கள், எழுதியவர்கள். தஞ்சை அவையைச் சேர்ந்த முத்துப்பழனி பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதிய தெலுங்குக் காவியமான ‘ராதிகா சாந்த்வனமு’வைத் தேடிப் பிடித்து 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு அந்த நூலைத் தடை செய்தது. அதே நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் சொந்தப் பணத்தில் எடுப்பித்தார். இவரையா சீரழிவின் வரிசையில் வைப்பது?

1930களின் தொடக்கத்தில் மியூசிக் அகாடமி மேடையில் சதிரை ஏற்றி அதற்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர். அங்கே முதலில் ஆடியவர்களும் அந்த மரபில் வந்த பெண்களே. அதே காலத்தில் சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றது. பெயர் மாறியது, மேடை மாறியது, மதிப்பு வந்தது. மதிப்பு வந்த அதே வேகத்தில் அந்தப் பெண்கள் மேடையிலிருந்து மறைந்தார்கள். ‘அவர்கள் கையில் கெட்டது’ என்ற வாக்கியம் இல்லாமல் அந்த மறைவை யாராலும் நியாயப்படுத்தியிருக்க முடியாது. அந்த வாக்கியத்தின் வேலையே அதுதான்.

5. மாற்றியவர்களைப் போற்றிக்கொண்டே மாற்றத்தைத் தடுக்க முடியாது

ருக்மிணி தேவி அருண்டேல் 1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபையில் ஆடினார். அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்ற அவர், அதற்கு முன்பே அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றிருந்தார். உடையைப் புதிதாக வடிவமைத்தார். மேடை ஒளியையும் பின்புலத்தையும் புதிதாகச் சிந்தித்தார். மேடையில் நடராசரை எழுந்தருளச் செய்தார். சில உருப்படிகளை ஒதுக்கினார்; புதிய நாட்டிய நாடகங்களை உருவாக்கினார். அவர் பெரிய கலைஞர், பெரிய அமைப்பாளர். அவர் செய்தது படைப்பு. அதை மீட்பு என்று அழைப்பது அவருக்கும் நியாயம் செய்யாது, அவருக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் நியாயம் செய்யாது.

இப்போது தர்க்கத்தைப் பாருங்கள். 1935இல் உடையை மாற்றலாம், உருப்படியை நீக்கலாம், ஐரோப்பிய மேடை நுட்பத்தைக் கொண்டுவரலாம், அதெல்லாம் மரபு. இன்று ஒரு பெண் சாதிக் கொடுமையைப் பற்றி வர்ணம் அமைத்தால் அது மரபு மீறல். மாற்றம் தவறு என்றால் அன்றைய மாற்றமும் தவறு. அன்றைய மாற்றம் சரி என்றால் இன்றைய மாற்றத்தையும் அதன் தரத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். காலத்தை வைத்து மறுக்க முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொள்கிறவர்கள் மரபைக் காக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட தலைமுறையின் ரசனையை என்றென்றைக்குமான சட்டமாக்குகிறார்கள்.

6. பழமைதான் மதிப்பென்றால் பொட்டுக் கட்டுவதையும் போற்ற வேண்டியிருக்கும்

இந்தக் கதையின் அடித்தளத்தில் இருக்கும் எண்ணம் இது: ஒன்று எவ்வளவு பழையதோ அவ்வளவு உயர்ந்தது. இந்த அளவுகோலை நேர்மையாகப் பயன்படுத்திப் பார்ப்போம். கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் வழக்கம் மார்க்கத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. பழமையே மதிப்பென்றால் 1947ஆம் ஆண்டுச் சட்டம் பண்பாட்டுத் துரோகம். இது நான் வாதத்துக்காகக் கட்டிய முடிவல்ல. அன்று முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியை எதிர்த்தவர்கள் சொன்னதே இதுதான்: மரபு அழியும், கலை அழியும். எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தி போன்ற பெரிய தேசியத் தலைவரும் இருந்தார். வழக்கம் ஒழிந்தது. கலை அழியவில்லை.

ஆகவே எது பழையது என்ற கேள்வியால் எதைக் காப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய இயலாது. எது அழகானது, எது நியாயமானது, எது யாரை வதைக்கிறது என்ற கேள்விகளால்தான் முடியும். பழமை ஒரு செய்தி. அது ஒருபோதும் ஒரு நியாயம் ஆகாது.

7. ‘நம் அடையாளம்’ என்னும்போது அந்த ‘நம்’மில் யார் யார் இருக்கிறார்கள்?

2022இல் கேரளத்தின் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயில் விழாவில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஒரு பரதநாட்டியக் கலைஞருக்கு ஏற்கெனவே தரப்பட்டிருந்த மேடை, அவர் இந்து அல்ல என்ற காரணத்தால் மறுக்கப்பட்டது. பல ஆண்டுப் பயிற்சி அவர் உடலில் இருந்தது. பிறப்பு மட்டும் இல்லை. இந்தக் கலையைப் பெற்று வளர்த்த பெண்களைப் பிறப்பைச் சொல்லி விலக்கினார்கள். அதை நேசித்துக் கற்றவரையும் பிறப்பைச் சொல்லி விலக்குகிறார்கள். அடையாளம் என்று நாம் பெருமையோடு சொல்வது ஒரு கதவாகவும் இருக்கிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று அது தீர்ப்பளிக்கிறது.

அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவை இன்னும் பல. டொராண்டோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தமிழ்க் குடும்பங்கள் பெரும் செலவில் அரங்கேற்றம் நடத்துகின்றன. பிள்ளைகள் தமிழரென்று உணர்வதற்கு ஒரு வழி வேண்டும் என்ற அந்தப் பெற்றோரின் ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தமிழரின் ஆடல் என்றதும் ஏன் இந்த ஒன்று மட்டும் நினைவுக்கு வருகிறது? பறையாட்டம், கரகம், தெருக்கூத்து, ஈழத்து நாட்டுக்கூத்து இவற்றையெல்லாம் யார் ‘நாட்டுப்புறம்’ என்ற பெட்டியில் போட்டு மூடினார்கள்? ஒன்றைச் செவ்வியல் என்று உயர்த்திய அதே கை மற்றவற்றைக் கீழே இறக்கியது. அறுபடாத தொன்மை என்ற கதை அந்த ஏற்றத்தாழ்வுக்கு இயற்கையின் தோற்றத்தைத் தந்தது.

கடைசியாக ஒரு மறுமொழி வரும் என்று அறிவேன். ‘எல்லாமே அண்மையில் செய்யப்பட்டது என்று சொல்லி வேரை அறுக்கிறீர்கள். நம் எதிரிகளுக்கு இது வசதி’ என்பார்கள். அண்மையில் செய்யப்பட்டது என்று சொல்வது பொய் என்று சொல்வதாகாது. இங்கே தொடர்ச்சி உண்மையாகவே இருக்கிறது. அது நூலிலிருந்து நூலுக்கு வரவில்லை. ஆசானிடமிருந்து மாணவிக்கும் தாயிடமிருந்து மகளுக்கும் வந்தது. தட்டுக்கழியின் ஓசையிலும் அரைமண்டியின் வலியிலும் வந்தது. ஈராயிரம் ஆண்டுக் கதை இந்த உண்மையான தொடர்ச்சியைத்தான் மூடி மறைக்கிறது. பெயரும் ஊரும் உள்ள மனிதர்கள் செய்ததை முகமற்ற ஒரு தொன்மையின் கணக்கில் எழுதிவிடுகிறது. அப்படி எழுதிய பிறகு அவர்களுக்கு நாம் எந்தக் கடனும் பட்டவர்கள் அல்ல என்றாகிவிடுகிறது. வேரை அறுப்பது அந்தக் கணக்குத்தான்.

தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்படும் தஞ்சைக் கல்வெட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள். 400 பெண்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லிவிட்டு அது நகரவில்லை. ஒவ்வொருத்தியின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருச் சிறகில் எந்த வீடு அவளுக்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல் அவள் பங்கு என்று வரிவரியாகப் பொறித்திருக்கிறது. ஓர் அரசன் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் கல்லில் செய்ததைக் காகிதத்தில்கூடச் செய்யாத நாம் எந்த உரிமையில் அவன் மரபுக்கு வாரிசு என்று சொல்லிக்கொள்கிறோம்?

செய்யவேண்டியது மிக எளிது. அரங்கேற்ற அழைப்பிதழில் ‘ஈராயிரம் ஆண்டு’ என்ற வரியை அடித்துவிட்டு, ஆடப்படும் வர்ணத்தை அமைத்தவர் பெயரையும், அந்தப் பாணி எந்த நட்டுவனார் குடும்பத்திலிருந்து வந்தது என்பதையும், மிருதங்கம் செய்து தந்தவர் பெயரையும் அச்சிடுங்கள். நடனப் பள்ளிகளில் முதல் ஆண்டிலேயே தஞ்சை நால்வரையும் நாகரத்தினம்மாளையும் பாலசரஸ்வதியையும் சொல்லிக்கொடுங்கள். இந்தக் கலையை வளர்த்த குடும்பங்களில் இன்று பிறந்திருக்கும் குழந்தை ஆட விரும்பினால் அவளுக்கு மேடையும் உதவித்தொகையும் கொடுங்கள். கற்றவர் எவராயினும், எந்த மதத்தில் பிறந்தவராயினும், சலங்கை கட்டி நிற்கும்போது அவர் காலைப் பாருங்கள், பிறப்பைக் கேட்காதீர்கள். இவற்றைச் செய்யாமல் பண்பாட்டைக் காப்பதாகச் சொல்கிறவர்கள், பண்பாட்டிடமிருந்து தங்கள் இடத்தைக் காத்துக்கொள்கிறவர்கள் மட்டுமே.